அரசர் மெய்காவலில் படையேந்திய மகளிர்

1. முன்னுரை

பண்டை அரசியலை ஆராய்ந்த அறிஞர் பலர் நாற்படையின் இயல்பும், அரண்களின் வகையும், ஒற்றரின் தொழிலும் விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், அரசனது உடலை அணுகி நின்று இரவும் பகலும் காத்தவரைப் பற்றிய ஆராய்ச்சி அத்துணை விரிவு பெறவில்லை. 'மெய்காவலர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் வேலும் வாளும் தாங்கிய ஆடவர் உருவமே நம் உள்ளத்தில் எழுகின்றது. கிரேக்கத் தூதர் குறிப்பும், வடமொழிப் பொருள் நூலும், நாடகங்களும், தமிழ்ப் பத்துப்பாட்டும் இக்கருத்தினை மறுக்கின்றன. அரசனுக்கு மிக அணித்தாகிய காவல் வட்டத்தில் படையேந்திய மகளிர் நின்றனர் என்பதை அவை வேறு வேறு காலத்தினின்றும் வேறு வேறு நிலத்தினின்றும் காட்டுகின்றன.

இம்மகளிரைக் குறித்து இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. அரண்மனைப் பொலிவுக்காக நிறுத்தப்பட்ட அணிகலன் போன்றவர் இவர் என்பது ஒன்று. பண்டை நாளில் மகளிர் பெற்றிருந்த உரிமைக்கும் வீரத்திற்கும் இவர் சான்றாவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சான்றுகளோடு முற்றும் பொருந்துவன அல்ல என்பது இக்கட்டுரையின் துணிபு. இவர்கள் செய்த காவல் மெய்யான காவல். ஆனால் அவர்களை அவ்விடத்தில் நிறுத்தியது உரிமை அன்று. எது நிறுத்தியது என்பதே ஈண்டு ஆராயப்படும். முல்லைப்பாட்டிற் காணப்படும் கச்சணி மகளிரின் பணி யாது என்பதும் இவ்வாராய்ச்சியின்கண் தெளிவுபெறும்.

2. மெகஸ்தனிஸ் குறிப்பு

கி. மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் செலூக்கஸ் நிக்கேட்டரின் தூதராகப் பாடலிபுத்திரத்தில் சந்திரகுப்த மோரியனது அவைக்கு வந்தவர் மெகஸ்தனிஸ். அவர் எழுதிய நூல் முழுமையாகக் கிடைத்திலது. பின்வந்த கிரேக்க, உரோமானிய ஆசிரியர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவருள் ஸ்டிராபோ என்னும் நிலநூலாசிரியர் தம் பதினைந்தாம் நூலில் தரும் பகுதி நம் பொருளுக்கு இன்றியமையாதது.

அரசனது உடலைப் பேணும் பொறுப்பு மகளிரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்றும், அம்மகளிர் தம் தந்தையரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர் என்றும், ஆடவராகிய மெய்காவலரும் பிற படையினரும் வாயிலுக்குப் புறத்தே நின்றனர் என்றும் அப்பகுதி கூறுகின்றது. அரசன் பகலில் உறங்குவதில்லை. இரவிலும் சூழ்ச்சிக்கு அஞ்சிப் படுக்கையை அடிக்கடி மாற்றிக்கொள்வான். போருக்கன்றி அவன் அரண்மனையை விட்டு வெளியே செல்வது மூன்று காரணங்களுக்காக: வழக்குக் கேட்டற்கு, வேள்விக்கு, வேட்டைக்கு.

வேட்டைக்குச் செல்லும் காட்சி விரிவாகத் தீட்டப்பட்டுள்ளது. மகளிர் அரசனைச் சூழ்ந்து செல்வர். அவர்க்குப் புறத்தே வேலேந்திய ஆடவர் செல்வர். வழியின் இருமருங்கும் கயிறு கட்டி எல்லை வகுக்கப்படும். கயிற்றைக் கடந்து மகளிர் இருக்கும் பகுதிக்குள் புகுந்தவனுக்குக் கொலையே தண்டம். முரசு கொட்டுவோரும் மணி ஒலிப்போரும் முன்னே செல்வர். வேலியிட்ட வேட்டைக் களத்தில் அரசன் மேடைமீது நின்று அம்பு எய்யும்போது படையேந்திய மகளிர் இருவரோ மூவரோ அருகில் நிற்பர். திறந்த வெளியில் அவன் யானைமீதிருந்து வேட்டையாடுவான். அப்போது மகளிர் சிலர் தேரிலும், சிலர் குதிரையிலும், சிலர் யானையிலும், போருக்குச் செல்வார் போலப் பல்வகைப் படைக்கலங்களோடும் உடன் செல்வர்.

இக்குறிப்பில் மூன்று செய்திகள் நோக்கற்பாலன. முதலாவது, காவல் வட்டங்களின் வரிசை. அகவட்டம் மகளிருக்கும் புறவட்டம் ஆடவருக்கும் உரியது. இரண்டாவது, இவர்கள் தேர், குதிரை, யானை ஆகிய மூன்றினையும் ஊர்ந்தனர். பயிற்சியின்றி இது கைகூடாது. எனவே இவர்களை வெறும் அணிமகளிர் எனல் பொருந்தாது. மூன்றாவது, இவர்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்.

இவற்றோடு மற்றொரு செய்தியும் அதே பகுதியில் இடம்பெறுகின்றது. குடிமயக்கத்தில் இருக்கும் அரசனைக் கொல்லும் பெண், அவனுக்குப் பின் ஆட்சிக்கு வருபவனது துணைவியாகும் பரிசு பெறுவாள் என்பது அது. மெய்காவலை மகளிரிடம் ஒப்படைத்ததும், மகளிராலேயே அரசன் கொல்லப்படுதல் கூடும் என்று கருதியதும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்களே. அணுகி நிற்பவரே காக்க வல்லவர். அணுகி நிற்பவரே கொல்லவும் வல்லவர். மெய்காவல் பற்றிய பண்டை நூல்கள் அனைத்தும் இவ்வொரு சிக்கலையே பலவாறு தீர்க்க முயல்கின்றன.

3. அர்த்தசாத்திரம் வகுக்கும் காவல்

நெடுங்காலம் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த கௌடலீயத்தை மைசூரில் கிடைத்த சுவடிகொண்டு ஆர். சாமசாத்திரியார் 1909-இல் பதிப்பித்தார். மெகஸ்தனிஸ் கூற்றினை உள்நாட்டு நூலொன்றோடு ஒப்பிடும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. அந்நூல் இன்றைய வடிவில் மோரியர் காலத்திற்குப் பிற்பட்டது என்று இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆயினும் அரசனைக் காத்தல் பற்றி அது கூறும் முறை பழைய மரபினைத் தழுவியதேயாகும்.

அந்நூலின் முதல் அதிகரணத்து இருபதாம் இயல் அந்தப்புர அமைப்பைப் பற்றியது. இருபத்தோராம் இயல் அரசனது மெய்க்காப்பைப் பற்றியது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். முந்திய இயல், அரசியரின் இருப்பிடத்தில் உயிரிழந்த மன்னரை வரிசைப்படுத்துகின்றது. தேவியின் மனையில் ஒளிந்திருந்த உடன்பிறந்தான் பத்திரசேனனைக் கொன்றான். தாயின் படுக்கையில் ஒளிந்திருந்த மகன் காரூசனைக் கொன்றான். பொரியில் தேன் என்று நஞ்சு கலந்து காசி மன்னனைத் தேவியே கொன்றாள். கூந்தலில் மறைத்த படைக்கலத்தால் விதூரதன் கொலையுண்டான். ஆதலின், முதிய மகளிர் ஆராய்ந்து தூயள் என்று கண்ட பின்னரே அரசன் தேவியைக் காணுதல் வேண்டும் என்று நூல் விதிக்கின்றது.

இவ்வாறு மகளிரால் வரும் கேட்டினை எடுத்துரைத்த நூலே, அடுத்த இயலின் தொடக்கத்தில், துயில் நீங்கி எழும் அரசனை வில்லேந்திய மகளிர் கூட்டம் முதற்கண் சூழ்ந்துகொள்ளல் வேண்டும் என்கின்றது. இரண்டாம் கட்டில் சட்டையும் தலைப்பாகையும் அணிந்த அந்தப்புர அலுவலரும் அலிகளும் ஏற்பர். மூன்றாம் கட்டில் கூனரும் குறளரும் கிராதரும் ஏற்பர். நான்காம் கட்டில் அமைச்சரும் சுற்றத்தாரும் வேலேந்திய வாயில்காவலரும் ஏற்பர். அமைச்சனும் உறவினனும் நான்காம் கட்டிலேயே அரசனைக் காண்கின்றனர். வில்லேந்திய மகளிரோ அவன் கண் விழிக்கும் பொழுதே உடனிருக்கின்றனர். பதவியின் உயர்வு வேறு, அணுக்கத்தின் உரிமை வேறு என்பது இவ்வரிசையால் விளங்கும்.

மெய்க்காப்பு வில்லோடு முடிவதன்று. நீராட்டுதல், உடல் பிடித்தல், படுக்கை விரித்தல், ஆடை வெளுத்தல், மாலை தொடுத்தல் ஆகிய பணிகளை நம்பகம் ஆராயப்பட்ட பணிப்பெண்டிரோ, அவர் மேற்பார்வையில் தொழிலாளரோ செய்தல் வேண்டும் என்பது விதி. பூசும் சாந்தும் சுண்ணமும் நீராடற்குரிய பொருளும் முதலில் அப்பெண்டிர் தம் மார்பிலும் தோளிலும் இட்டுப் பார்த்த பின்னரே அரசனுக்கு அளிக்கப்படும். நஞ்சு இருப்பின் அது முதலில் தாக்குவது பணிப்பெண்ணின் உடலையே. கேடயம் தாங்குவது ஒருவகைக் காவல். தன் உடலையே கேடயமாக்குவது மற்றொரு வகைக் காவல். இவ்விரண்டாம் காவலைச் செய்தவரைப் பணிப்பெண் என்று மட்டும் குறித்து நம் வரலாற்று நூல்கள் கடந்து செல்கின்றன.

யாரை அருகில் வைத்தல் வேண்டும் என்பதற்கும் நூல் இலக்கணம் கூறுகின்றது. தந்தை வழியாகவும் பாட்டன் வழியாகவும் தொடர்ந்து வருபவர், உறவால் பிணைப்புண்டவர், பயிற்சி பெற்றவர், அன்புடையவர், முன்னர்ப் பணிசெய்து காட்டியவர் ஆகியோரே அதற்குரியர். பொருளும் சிறப்பும் தந்து பிணைக்கப்படாத அயல்நாட்டார் அருகில் இருத்தலாகாது. உறவே நம்பிக்கைக்கு அடிப்படை என்பது இக்கொள்கை. மெகஸ்தனிஸ் காட்டும் வழக்கோ, தந்தையிடமிருந்து விலைகொடுத்துப் பிரிக்கப்பட்ட மகளிரை அரசனருகே நிறுத்துகின்றது. உறவின்மையே நம்பிக்கைக்கு அடிப்படை என்பது அதன் உட்கருத்து. ஒரு நெறி சுற்றத்தால் பிணிக்கின்றது. மற்றொரு நெறி சுற்றத்தை அறுத்துப் பிணிக்கின்றது.

4. யவனியரும் பிரதிகாரியரும்

இரண்டாம் நெறி வலுப்பெற்றதை வடமொழி நாடகங்கள் காட்டுகின்றன. காளிதாசரின் சாகுந்தலத்து இரண்டாம் அங்கத்தில், வேட்டைக்கு வந்த துசியந்தன் வில்லேந்தி வனமலர் மாலை அணிந்த யவன மகளிர் புடைசூழ வருவதாக விதூடகன் கூறுகின்றான். ஆறாம் அங்கத்தில் அரசனுக்கு வில்லைக் கொணர்ந்து தருபவளும் யவனியே. விக்கிரமோர்வசியத்திலும் வில் கொணரும் யவனி இடம்பெறுகின்றாள். மெகஸ்தனிஸ் கண்ட வேட்டைக் காட்சிக்கும் காளிதாசர் காட்டும் வேட்டைக் காட்சிக்கும் இடையே ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் கழிந்துள்ளன. ஆயினும், வேட்டையாடும் அரசன், அவனைச் சூழ்ந்த வில்லேந்திய மகளிர் என்னும் அமைப்பு மாறவில்லை.

யவனி என்பது எக்காலத்தும் கிரேக்கப் பெண்ணையே குறித்தது எனக் கொள்ளுதல் வேண்டா. மேற்குத் திசையினின்று கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்த மகளிரைப் பொதுவாகக் குறித்த சொல்லாக அது வழங்கியது எனலாம். கி. பி. முதல் நூற்றாண்டினதாகிய பெரிப்புளூஸ் என்னும் கடல்வழி நூல், பாரிகாசா எனப்பட்ட பரூச்சுத் துறைமுகத்தில் மன்னனுக்கென இறக்கப்பட்ட பொருள்களைக் கூறுமிடத்து, விலையுயர்ந்த வெள்ளிக் கலங்கள், இசை வல்ல சிறுவர், அந்தப்புரத்திற்குரிய அழகிய கன்னியர், சிறந்த மது ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கின்றது. கலமும் மதுவும் போலப் பெண்ணும் வணிகப் பொருளாயினள். நாடகத்து யவனியின் வில்லை வியப்போர் இத்துறைமுகப் பட்டியலையும் மறவாதிருத்தல் வேண்டும்.

யவனியோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவள் வாயில்காக்கும் பிரதிகாரி. சாகுந்தலத்தில் அவள் பெயர் வேத்திரவதி. பிரம்பினை உடையவள் என்பது அப்பெயரின் பொருள். கி. பி. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷன் அவையில் விளங்கிய பாணர் இயற்றிய காதம்பரியின் தொடக்கத்தில், சூத்திரக மன்னனிடம் வந்து செய்தி அறிவிக்கும் பிரதிகாரி இடப்பக்கத்தில் வாள் தொங்கவிட்டிருக்கின்றாள். அவள் தோற்றம் அச்சமும் அழகும் ஒருங்கே தருவதாகப் பாணர் வருணிக்கின்றார். வாள் மகளிர்க்கு இயல்பன்று என்ற எண்ணமும், அரண்மனை வாயிலில் வாளேந்திய மகளிர் நின்ற வழக்கமும் ஒரே காலத்தில் நிலவின என்பது இவ்வருணனையால் பெறப்படும்.

5. முல்லைப்பாட்டின் கச்சணி மகளிர்

இனித் தமிழ்ச் சான்றினை நோக்குவோம். காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டு 103 அடிகளால் ஆயது. பத்துப்பாட்டுள் அளவாற் சிறியது. நச்சினார்க்கினியர் உரையோடு அதனை உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டின் ஒரு பகுதியாக வெளியிட்டார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையை 1903-இல் வெளியிட்டார். இத்துணை ஆராய்ச்சிக்கு உட்பட்ட பாட்டில், பாசறைக் காவல் அமைந்துள்ள முறை தனித்து நோக்கத்தக்கது.

பெரும்படையின் நடுவே அரசனுக்கென நீண்ட கோல்களை நட்டுத் திரையால் வளைத்துத் தனியிடம் அமைக்கப்படுகின்றது. அதன் வருணனையில் முதற்கண் காட்சி தருபவர் மகளிர். குறிய வளை அணிந்த முன்கையும், சிறுபுறத்தே வீழ்ந்து கிடக்கும் கூந்தலும் உடைய அவர்கள், இரவைப் பகலாக்கும் ஒளி பொருந்திய, திண்ணிய பிடியுடைய வாளினைப் பல நிறம் விரவிய கச்சிலே பூண்டுள்ளனர். நெய் சொரியும் சுரையைக் கையிற்கொண்டு, நெடிய திரியைக் கொளுத்தி, விளக்கு அவியுந்தோறும் ஏற்றுகின்றனர். அவர்க்குப் பின்னர், உடலைப் போர்த்து, தூக்க மயக்கத்தோடு காவலாகச் சூழ்ந்து வரும் பெருமூதாளரும், நாழிகை வட்டிலால் பொழுதை அளந்து அறிவிப்போரும் கூறப்படுகின்றனர். அதன் பின்னர் மத்திகை செருகிய உடையினராய வலிய யவனர் புலிச்சங்கிலி பூட்டி அமைத்த உள்ளறையும், அங்கே நாவால் உரையாது உடற்குறிப்பாலேயே உணர்த்தும் மிலேச்சர் அருகே காவல் நிற்றலும் காட்டப்படுகின்றன. அவ்வறையினுள்ளே அரசன் துயிலின்றி இருக்கின்றான்.

இம்மகளிர் விளக்கேற்றும் ஏவற் பெண்டிரேயன்றி வேறல்லர் என்று கூறுவார் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. அதற்குரிய காரணங்கள் வருமாறு.

முதலாவது, விளக்கேற்றும் மகளிர் நெடுநல்வாடையிலும் வருகின்றனர். அங்கே அவர் நகர மகளிர். மாலைப் பொழுதில் இரும்பு விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். அவர்க்கு வாள் இல்லை. கச்சில் படைக்கலம் பூண்டதாகக் குறிப்பும் இல்லை. செயல் ஒன்றே, இடம் வேறு. மனையில் விளக்கு வழிபாட்டிற்குரியது. பாசறையில் விளக்கு காவற்குரியது. இடம் மாறியவுடன் விளக்கேற்றும் பெண்ணுக்கு வாளும் உடன் வருகின்றதாயின், அவ்வாள் அவளது பணியின் பகுதியே ஆதல் வேண்டும்.

இரண்டாவது, புலவர் வாளையும் கச்சையும் முன்னர்க் கூறி, விளக்கைப் பின்னர்க் கூறுகின்றார். வாளுக்குத் திண்ணிய பிடி உண்டென்பதையும் விதந்து கூறுகின்றார். அழகு கருதி அணிந்த வாளுக்குப் பிடியின் திண்மையைக் கூறவேண்டுவதில்லை. பற்றி வீசற்குரிய வாளுக்கே அது வேண்டும். வாள் கச்சிற் கிடப்பதால் கைகள் சுரையையும் திரியையும் கையாள இடம் பெறுகின்றன. வேண்டும்போது வாளைப் பற்றவும் அணியமாக உள்ளன.

மூன்றாவது, இரவுக் காவலில் ஒளியே முதற்கருவி. விளக்கு அவிந்தால் காவலர் கண்ணிருந்தும் குருடராவர். பாசறையில் ஒளியைப் பேணுவார் மகளிர், சுற்றி வருவார் முதியோர், பொழுதை அளப்பார் நாழிகைக் கணக்கர், உள்ளறையை அமைப்பார் யவனர், அதன்கண் நிற்பார் மிலேச்சர் எனக் காவற்பணி பகுக்கப்பட்டுள்ளது. இப்பகுப்பில் ஒவ்வொருவரும் இன்றியமையாதவர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரோடு எளிதிற் கூடிச் சூழ்ச்சி செய்தற்கும் இவ்வமைப்பு இடந்தருவதன்று. கௌடலீயம் அந்தப்புரத்தாரின் தூய்மையை அறிய எண்பது வயது ஆடவரையும் ஐம்பது வயது மகளிரையும் அமர்த்தச் சொல்வது ஈண்டுப் பெருமூதாளரோடு ஒப்பிடத் தகும்.

இனி, இம்மகளிரை நாடகத்து யவனியரோடு ஒன்றுபடுத்திக் கூறலாமோ எனின், ஆகாது. நப்பூதனார் அயலாரைக் கூறும்போது அவரது இனப்பெயரையும், உடையையும், பேச்சின்மையையும் தவறாது குறிக்கின்றார். கச்சணி மகளிர்க்கு அத்தகைய அயன்மைக் குறிப்பு ஒன்றும் இல்லை. வளையும் கூந்தலும் கூறி 'மங்கையர்' என்றே அமைகின்றார். ஆதலின் இவர் தமிழ் மகளிரே எனக் கொள்ளுதல் நேரிது.

மெகஸ்தனிஸ் காட்டும் அமைப்பிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் மறைத்தற்குரியதன்று. பாடலிபுத்திரத்தில் அரசனுக்கு மிக அணித்தாக நின்றவர் மகளிர். முல்லைப்பாட்டின் உள்ளறையில் நின்றவர் பேசாத மிலேச்சர். மொழி அறியாதவனிடம் இரகசியம் தங்கும் என்பது அதன் நோக்கமாகலாம். வேட்டைக் களமும் அரண்மனையும் வேறு, போர்ப் பாசறை வேறு. நெடுநல்வாடை அரசியின் மனையைக் கூறுமிடத்து, அரசனையன்றிப் பிற ஆடவர் அணுகலாகாத அருங்காவல் உடையது என்கின்றது. ஆடவர் அணுகலாகாத இடத்தில் அகக்காவல் மகளிர் பொறுப்பில் இருந்திருத்தல் வேண்டும் என்பது தானே போதரும். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவி கூனும் குறளும் ஊமும் சூழ அரசனிடம் வருதல், கௌடலீயம் கூறும் மூன்றாம் கட்டினை அப்படியே நினைவூட்டுகின்றது. மதுரைக் கோட்டை வாயிலில் யவனர் காவல் நின்றதையும் அக்காப்பியம் கூறும். எனவே, அணுக்கக் காவலைப் பல வட்டங்களாகப் பகுத்து, வட்டத்துக்கு ஒருவகை மாந்தரை அமைக்கும் முறை தமிழகத்தும் அறியப்பட்டிருந்தது எனத் துணியலாம்.

6. இடைக்காலச் சான்றுகள்

சோழர் கல்வெட்டுகளில் 'வேளம்' என்னும் அரண்மனைப் பணிமகளிர் அமைப்பு வருகின்றது. வேளத்துப் பெண்டாட்டி எனக் குறிக்கப்பட்ட மகளிர் கோயில்களுக்கு விளக்கும் பொருளும் வழங்கியுள்ளனர். திருமஞ்சனம் முதலிய பணிகளின் பெயரால் வேளங்கள் வழங்கியமை, அரசனது உடலைச் சார்ந்த பணி இவர்களிடம் இருந்தமையைக் காட்டும். போரிற் சிறைப்பட்ட மகளிர் வேளத்தில் சேர்க்கப்பட்ட செய்தியையும் சோழர் வரலாற்றில் காண்கின்றோம். இவர்களைப் படைமகளிர் எனல் மிகையாம். உறவினின்று பிரிக்கப்பட்டு அணுக்கப் பணியில் அமர்த்தப்பட்டவர் எனலே அமையும்.

விசயநகரத்தில் கிருட்டிணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பாயிசு, அரண்மனையுள் பன்னீராயிரம் மகளிர் இருந்தனர் எனத் தாம் கேட்டதை எழுதி, அவருள் வாளும் கேடயமும் பயின்றோரும், மற்போர் செய்வோரும், ஊதுகொம்பு இசைப்போரும் உளர் என்கின்றார். மாளவத்து மாண்டுவில் 1469 முதல் 1500 வரை ஆண்ட கியாசுத்தீன் கல்ஜியின் வலப்பக்கத்தில் ஆடவர் உடையணிந்து வில்லேந்திய துருக்கிப் பெண்டிர் 500 பேரும், இடப்பக்கத்தில் அபிசீனியப் பெண்டிர் 500 பேரும் காவல் நின்றனர் எனப் பெரிஷ்தா எழுதியுள்ளார். இத்தொகைகள் கேள்வியாலும் மிகைப்படுத்தலாலும் பெருகியிருத்தல் கூடும்; வழக்கம் ஐயத்திற்கு இடமற்றது.

முகலாயர் முறை பற்றி அபுல் பசல் அயினி அக்பரியில் தரும் விளக்கம் மிகத் தெளிவானது. அந்தப்புரத்தின் உள்ளே நிதானமும் சுறுசுறுப்பும் உடைய மகளிர் காவல் நிற்பர், அவருள் மிக நம்பத்தக்கவர் அரசர் அறையைச் சூழ நிற்பர், வெளியே அலிகள், அவர்க்குச் சிறிது தொலைவில் இராசபுத்திரர், அதற்கும் அப்பால் வாயில்காவலர். கௌடலீயத்தின் நான்கு கட்டுகளையும் அக்பரின் இந்நான்கு வட்டங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, சமயமும் மொழியும் ஆட்சியும் மாறியும் அணுக்கக் காவலின் அமைப்பு மாறாது நின்றமை புலனாகும்.

7. நம்பிக்கையின் விலை

இத்துணை நீண்ட காலம் இவ்வழக்கம் நிலைத்தமைக்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, இடம். அரசன் உண்ணும் இடத்தும், நீராடும் இடத்தும், துயிலும் இடத்தும் ஆடவர் காவலை நிறுத்துதல் அந்தப்புர ஒழுங்கிற்கு மாறாகும். இரண்டு, பகுப்பு. புறக்காவல் ஆடவரிடமும் அகக்காவல் மகளிரிடமும் இருப்பின், இரு வட்டத்தாரும் ஒருங்கே மாறினாலன்றி அரசனுக்குக் கேடு வாராது. மூன்று, சார்பின்மை. படைத்தலைவனுக்குக் குலமும் நிலமும் ஆட்சி ஆசையும் உண்டு. விலைக்கு வாங்கப்பட்ட பெண்ணுக்கு அவை இல்லை. அரசன் வீழ்ந்தால் அவள் நிலையும் வீழும்.

மூன்றாம் காரணமே மற்றவற்றினும் வலியது. அதுவே நம்மை வருத்துவதும் ஆகும். இம்மகளிர் நம்பப்பட்டது அவர்தம் வீரத்தால் மட்டும் அன்று. அவர்க்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இல்லாமையாலும் நம்பப்பட்டனர். வேட்டை வழியிற் கட்டிய கயிறு பிறர் உட்புகாதபடி தடுத்தது என்று மெகஸ்தனிஸ் எழுதினார். அக்கயிற்றுக்கு மறுபக்கமும் உண்டு. வெளியார் உள்ளே வர இயலாத கயிற்றை உள்ளார் கடந்து வெளியே செல்லவும் இயலாது.

இவர்தம் பெயர்களை நோக்கினும் இது விளங்கும். யவனி என்பது இனத்தின் பெயர். பிரதிகாரி என்பது தொழிலின் பெயர். வேத்திரவதி என்பது கையிலுள்ள கோலால் வந்த பெயர். முல்லைப்பாட்டு மகளிர் மங்கையர் என்ற பொதுப்பெயரோடு நின்றனர். பாசறையில் புண்பட்டு வீழ்ந்த யானையையும் எண்ணி வருந்தும் அரசனைப் பாடிய பாட்டில், அவனுக்காக விழித்திருந்த மகளிரின் உள்ளத்தை உரைக்கும் அடி ஒன்றும் இல்லை. இதனைப் புலவரின் குறையெனக் கூறல் தகாது. பாட்டின் பொருள் வேறு. ஆயின், வரலாறு எழுதுவோர்க்கு அப்பொருள் எல்லை இல்லை. அவர் விழித்திருந்தமையைப் பதிவு செய்தல் நம் கடன்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால், படையேந்திய மகளிர் அரசரது அணுக்கக் காவலில் மெய்யாகவே பணியாற்றினர் என்பதும், முல்லைப்பாட்டின் கச்சணி மகளிர் அக்காவலமைப்பின் ஓர் உறுப்பினர் என்பதும், அவர்மீது வைக்கப்பட்ட நம்பிக்கை பெரும்பான்மையும் சார்பின்மையால் விளைந்தது என்பதும் பெறப்பட்டன. பொலிவு கருதி நின்றவர் எனல் அவர் உழைப்பை மறைக்கும். உரிமை பெற்று நின்றவர் எனல் அவர் துன்பத்தை மறைக்கும்.

பண்டை நூல்கள் எழுப்பிய சிக்கல் இன்றும் தீர்ந்ததன்று. 1984 அக்டோபர் 31-இல் தலைமையமைச்சர் இந்திரா காந்தி தம் காவலர் இருவராலேயே சுடப்பட்டு இறந்தார். அதன் விளைவாக 1985-இல் தனிப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றவள் மாலையோடு அணுகிய பெண். அவ்விடத்துக் காவற்பணியில் இருந்தவருள் பெண் காவலரும் இருந்தனர்; அன்று உயிரிழந்தாருள்ளும் காவலர் பலர். அணுகுபவர் பெண்ணாகவும் இருக்கலாம் என்று கூந்தலையும் ஆராயச் சொன்ன கௌடலீயத்தின் அச்சமும், அவ்வாராய்ச்சியைப் பெண்ணே செய்தல் வேண்டும் என்ற அதன் விதியும் இன்றைய காவல்துறையின் அன்றாட நடைமுறையாகிவிட்டன.

ஆயினும் அடிப்படை ஒன்று மாறியுள்ளது. தமிழ்நாட்டுக் காவல்துறையில் 1973 முதல் மகளிர் பணிபுரிகின்றனர். 1992-இல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. இவர்கள் தந்தையரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். சட்டத்தின்கீழ் உறுதிமொழி ஏற்று, ஊதியம் பெற்று, பெயர் பதிவுபெற்று, பணி முடிந்தபின் தம் இல்லத்திற்குத் திரும்புபவர். உறவை அறுத்துப் பெற்ற நம்பிக்கைக்கு ஈடாக, உறவோடு வாழ்வாரிடமும் நம்பிக்கை வைத்தல் இயலும் என்பதை இவ்வமைப்பு காட்டுகின்றது. கச்சில் வாள் பூண்டு விளக்கைக் காத்த பெயரறியா மகளிர்க்கும் இவர்க்கும் உள்ள தொழிலொற்றுமை பெரிது. நிலைவேற்றுமை அதனினும் பெரிது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்து ஆராய்தலே இத்துறையில் மேற்செல்வார்க்கு உரிய நெறியாகும்.